பாயில் உட்கார ஓர் ஆள்

சிம்வாலா ஊர்,
மச்சிஞ்சி மாவட்டம்
3 மே 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

எலூபி எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. வலது கையில் அடி. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கையால் எழுதுவதால் ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆகிறது. ஆகவே நலம் விசாரிப்பது, வானிலை சொல்வது எல்லாவற்றையும் எழுதியதாக வைத்துக்கொள்.

கடலை பிடுங்கியாகிவிட்டது. விளைச்சல் பரவாயில்லை. பெண்கள் சங்கத்துக்குக் கிடைத்த கைச்செக்கு என் வீட்டில்தான் இருக்கிறது. நன்றாகப் பிழிகிறது. எண்ணெய் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வரி இல்லாமல் உள்ளே விட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். அந்த வரி விஷயத்தைத்தான் நீ அங்கே பேசிக்கொண்டிருக்கிறாய் என்று சங்கத்தில் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மாமா இறந்துபோனது உனக்குத் தெரியும். அடக்கத்துக்கு நீ வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். என் கல்யாணத்துக்கு அவர்தான் ங்கோஸ்வேயாக இருந்து நம் வீட்டுக்காகப் பேசினார். இனி எனக்காகப் பேச வேண்டிய அந்தப் பொறுப்பு உன்னுடையது. கல்யாணம் பேசி இரண்டு வீட்டாரும் சேவலையும் பெட்டையையும் மாற்றிக்கொண்ட அன்றைக்கு மாமாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவன் நீதான். மாப்பிள்ளை நம் ஊருக்கு வருவதுதானே நம் வழக்கம்? 'பொண்ணை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்' என்று அவர்கள் கேட்டபோது மாமா உன்னைப் பார்த்தார். நீ பேசாமல் இருந்தாய். நான் இங்கே வந்து சேர்ந்தேன்.

அண்ணா, என்னால் இங்கே இருக்க முடியவில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நீ வந்து பாயில் உட்கார்ந்து, தங்கையையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறேன் என்று சொன்னால் போதும், புருஷன் என்றாலும் வைசனால் தடுக்க முடியாது. நானாகக் கிளம்பினால் ஓடிப்போனவள். ஓடிப்போனவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. தியாமிகே பெரியவளாகிக்கொண்டு வருகிறாள். லோனி இன்னும் என் முதுகில்தான் தூங்குகிறாள். இவர்களை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

வா.

எலூபி

---

ஜெனீவா
24 மே 2005

என் எலூபிக்கு,

உன் கடிதம் வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததை நம்புகிறேன். நீ நம்பச் சொல்வதால் நம்புகிறேன். சின்ன வயதில் மாமரத்திலிருந்து தொப்பென்று விழுந்துவிட்டு, 'நான் குதிச்சேன்' என்று சாதித்தவள் அல்லவா நீ?

நான் வரத்தான் வேண்டும். ஆனால் வர முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் நாட்டுக்கு இந்த ஊரில் அலுவலகம் கிடையாது. பிரஸ்ஸல்ஸிலிருந்து என்னை அனுப்பி, ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே எல்லா நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து உலக வியாபாரத்துக்கு விதி எழுதுகிறார்கள். இப்போது நடப்பது ஒரு பட்டியல் பற்றிய பேச்சு. ஏழை நாடுகளிலிருந்து எந்தெந்தச் சரக்கு வரி இல்லாமல் போகலாம் என்ற பட்டியல். கடலையைக் கடலையாக அனுப்பினால் இப்போதே வரி இல்லை. அதைப் பிழிந்து எண்ணெயாக அனுப்பினால் வாசலில் வரி போட்டுத் திருப்பிவிடுகிறார்கள். அவர்கள் ஊர் ஆலைக்கு நம் கடலை வேண்டும், நம் எண்ணெய் வேண்டாம். அந்தப் பட்டியலில் 'எண்ணெய்' என்ற சொல் இருக்கிறது. அதை எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

இங்கே ஓட்டுப் போடுவதில்லை. தலைவர் வரைவைப் படித்துவிட்டு, யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்பார். யாரும் தன் நாட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்கவில்லை என்றால் சுத்தியலால் ஒரு தட்டு. உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. வந்து வாயை மூடிக்கொண்டிருந்தவனும் ஒப்புக்கொண்டவன், வராதவனும் ஒப்புக்கொண்டவன். பெரிய நாட்டுக்காரர்கள் அறைக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். நான் ஒருவன். எந்த அறையில் நான் இல்லையோ அந்த அறையில் நான் சம்மதித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடப் போகவே பயமாக இருக்கிறது.

ஆனால் இதே விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எவ்வளவு சின்ன நாட்டுக்காரனாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஒரே ஓர் ஆள் மாட்டேன் என்றால் சுத்தியல் இறங்காது. நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே கிடைத்திருக்கும் ஒரே பிடி அதுதான். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் செக்குக்காகவும்தான்.

ஜூலை முடியட்டும், வருகிறேன். அதற்குள் பெரியம்மா மகன் ஜைலோசியை அனுப்புகிறேன். அவனும் அண்ணன் முறைதானே. என் சார்பில் பேசுவான்.

உன் அண்ணன்
லிம்பிகானி

---

சிம்வாலா
13 ஜூன் 2005

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதவில்லை. கை வலிக்கிறது. தேவையில்லாத சொற்களைக் குறைத்துக்கொள்கிறேன்.

உன் ஆள் வந்தான். வாடகை சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஜமீன்தார் மாதிரி வந்து இறங்கினான். வைசன் முட்டையிடுகிற என் கோழியை அடித்தான். ஜைலோசி இரண்டு காலையும் தின்றான். அப்புறம் இருவரும் கள் குடித்தார்கள். அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டு நியாயம் பேசினான்.

"எலூபி, புருஷன்னா கொஞ்சம் சூடாத்தான் இருப்பான். நிசிமாக் களிகூட சூடா இருந்தாத்தானே தொண்டைல இறங்குது?"

"அப்படியா? பானை அடுப்புல கொதிக்குது. கையை விட்டுட்டு வந்து சொல்லு" என்றேன்.

"பாத்தியா, வாய். இந்த வாய்தான் உனக்கு எமன்."

வைசன் விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது உன் ஆள் ஒரு மூட்டை கடலையும் வாங்கிக்கொண்டு போனான்.

கிணறு என்னைத் தள்ளவில்லை அண்ணா. கடலை எடுக்க வரும் லாரிக்காரன் எடை போட்டுத்தான் வாங்குகிறான். அதனால் வைசன் மூட்டையின் மேல் தண்ணீர் தெளிக்கிறான். ஓடு இளகி உரிக்கவும் சுலபம், கனமும் கூடும். சில நாளில் உள்ளே பச்சையாகப் பூஞ்சை. பார்க்க நன்றாக இருப்பதைப் பொறுக்கி லாரிக்குப் போட்டுவிட்டு, கறுத்துப்போனதை எண்ணெய் பிழியச் சொன்னான். மாட்டேன் என்றேன். அந்த எண்ணெயில்தான் லோனிக்குச் சமைக்கிறேன். உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது. மிச்சத்தை எழுதவில்லை.

நீ எண்ணெய்க்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாய். அந்த எண்ணெயைப் பிழிந்த கை ஒடிந்து இங்கே கிடக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜூலைக் கடைசியில் வைசனின் மாமா கூட்டம் கூட்டப்போகிறார். நான் இங்கேயே இருக்க வேண்டும், செக்கை வைசன் லாரிக்காரனுக்கு வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்து, எல்லோரும் கைதட்டி எழுந்துவிடுவார்கள். கைதட்டி முடித்த பேச்சை மறுபடி எடுக்க முடியாது. உனக்குத் தெரியாததா? ங்கோஸ்வேக்கு மூன்று முறை ஆள் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். ஜைலோசி மூன்று கலயம் குடித்தபோது மூன்று முறை சொன்னார்களாம். அதையே கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். ஒரே ஆள் மாட்டேன் என்றால் அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே நின்றுவிடுமா? இல்லை, என்னை ஆறுதல்படுத்த எழுதினாயா?

எலூபி

---

ஜெனீவா
3 ஜூலை 2005

எலூபி,

எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். உலக்கை என்ற சொல்லைத் தாண்டி வர முடியவில்லை. வைசனை நினைத்தால் கை முறுக்கேறுகிறது. ஜைலோசியை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் அதுவும் தேவையில்லாத சொல் என்பாய்.

இங்கே நிலைமை இறுகிக்கொண்டு வருகிறது. நம்மோடு சேர்ந்து நின்ற நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஒருவருக்குப் பருத்தியில் சலுகை கிடைத்தது. ஒருவருக்குச் சர்க்கரையில் கிடைத்தது. நேற்றுவரை தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தவர்கள் இன்று என்னைக் கண்டதும் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் ஊரிலும் யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய நாட்டுக்காரர் ஒருவர் என்னைச் சாப்பிட அழைத்தார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். மீனில் முள் எடுத்துக்கொண்டே, "உங்க கடலையே பூஞ்சைன்னு எங்க துறைமுகத்துலேர்ந்து திரும்பிப் போகுது. எண்ணெய்க்கு என்ன இவ்வளவு அவசரம்? முதல்ல கடலையைச் சரி பண்ணுங்களேன்" என்றார். நாங்கள் சரியாகத்தான் உலர்த்துகிறோம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வைசன் மூட்டையின் மேல் தண்ணீர் தெளிப்பது கண்ணில் வந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உண்மையிலேயே நிற்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தீவுக்காரப் பெண், நான்கு மணி நேரம், ஒரே பதில். அன்றைக்கு ஒன்றும் நிறைவேறவில்லை. ஆனால் அதற்கு முறை இருக்கிறது. முகத்தைச் சுளித்தால் கணக்கில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தால் கணக்கில்லை. கோபித்துக்கொண்டு வெளியே போனால் அதுவும் சம்மதம்தான். உள்ளேயே இருந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்ன பிறகு யார் கெஞ்சினாலும் திரும்ப வாங்கக் கூடாது. அறை முழுக்க உன்னையே பார்க்கும். அதைத் தாங்கிக்கொண்டால் போதும்.

ஜூலை 28 வியாழக்கிழமை கூட்டம். நான் பலகையை நிமிர்த்துவேன். மறுநாள் கிளம்பிவிடுவேன். அதுவரை கூட்டத்தைத் தள்ளிப்போடும்படி வைசனின் மாமாவிடம் கேட்டுப் பார்.

லிம்பிகானி

---

சிம்வாலா
31 ஜூலை 2005

அன்புள்ள அண்ணா,

தள்ளிப்போடவில்லை. நேற்று நடந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வலது கையால் எழுதுகிறேன் என்பதைக் கவனி.

ஆண்கள் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். பெண்கள் நாங்கள் தரையில். நடுவில் நம் வீட்டுக்கான பாயை விரித்துப்போட்டார்கள். அதில் யாரும் இல்லை. நாய் ஒன்று வந்து படுக்கப் பார்த்தது, விரட்டினார்கள்.

வைசனின் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "மூணு தடவ சொல்லி அனுப்பியாச்சு. லிம்பிகானி வரல. வராதவன் ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ எவ்வளவு தூரம் போய், எத்தனை வருடம் படித்துத் தெரிந்துகொண்ட விதி, இந்த மனிதருக்கு இங்கே உட்கார்ந்தபடியே தெரிந்திருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்று பக்கத்தில் இருந்தவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் இங்கேயே இருப்பது, செக்கு வைசனுக்கு என்று படித்துவிட்டு அவர் கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். பெண்களும் தட்டினார்கள். என் சங்கத்துப் பெண்கள், அண்ணா. அவர்களுக்கும் வீட்டில் உலக்கை இருக்கிறது. என் கை துணியில் கட்டி மடியில் கிடந்தது. ஊர்த்தலைவர் அதைப் பார்த்துவிட்டு ரொம்பக் கருணையோடு சொன்னார்: "பாவம், அவளுக்குக் கை சரியில்ல. மனசால தட்டினதா எடுத்துக்கலாம்."

நான் எழுந்து நின்றேன். துணியை அவிழ்த்தேன். "கை கூடிடுச்சு தலைவரே. தட்ட முடியும். தட்ட மாட்டேன்."

"உக்காருடி" என்றான் வைசன்.

"உக்கார மாட்டேன்."

"ஏம்மா, உனக்காகப் பேச வேண்டியவனே வரல. நீ எப்படிப் பேசலாம்?" என்றார் அவன் மாமா.

"நான் பேசல மாமா. மறுக்கறேன். உள்ள இருக்கற ஒருத்தி மறுத்தா முடிஞ்சதா ஆகாது. எங்கண்ணன் உலகத்துக்கே இப்படித்தான் பண்றான்."

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். உட்காரச் சொல்லி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முதலில் அதட்டினார்கள், அப்புறம் கெஞ்சினார்கள். நிழல் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. இது முடிஞ்ச பேச்சு இல்ல" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விதைப்புக்கு முன்னாடி உங்கண்ணன் வந்து இந்தப் பாயில உக்காரணும். அண்ணன் உக்காராத பாய்ல உன் பேச்சை நாங்க எடுக்க முடியாது. அவன் வரலைன்னா நீ கிளம்பலாம். பிள்ளைங்களும் செக்கும் இங்கதான் இருக்கும்" என்றும் சொன்னார்.

வைசன் வீட்டுக்குள் விடவில்லை. பிள்ளைகளோடு சமையல் குடிசையில் இருக்கிறேன். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. அடித்தால் பேச்சு தனக்கு எதிராகத் திரும்பிவிடும் என்று பயந்து இப்போதைக்குக் கை நீட்டாமல் இருக்கிறான்.

வியாழக்கிழமை நீயும் இப்படித்தான் நின்றிருப்பாய். அறை முழுக்க உன்னையே பார்த்ததா? நீ அந்த முறையை எழுதியிருக்காவிட்டால் நானும் எல்லோரையும் போலத் தட்டியிருப்பேன். இதற்குள் கிளம்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் உன்னைத் தேடி வெறும் அறைக்குப் போய்ச் சேரட்டும்.

உன் தங்கை
எலூபி

---

ஜெனீவா
19 ஆகஸ்ட் 2005

எலூபிக்கு,

கடிதம் வெறும் அறைக்கு வரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.

அன்று காலை கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தலைநகரிலிருந்து ஒரு தாள் வந்தது. மறுக்க வேண்டாம். உரம் தருவதாக அந்தப் பெரிய நாடு சொல்லியிருக்கிறது, இந்த நேரத்தில் மனக்கசப்பு கூடாது. இவ்வளவுதான். திரும்பத் திரும்பத் தொலைபேசியில் கூப்பிட்டேன். 'சார் மீட்டிங்ல இருக்காரு' என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போய் உட்கார்ந்தேன். தலைவர் பட்டியலைப் படித்தார். எண்ணெய் இல்லை. யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். மீன் சாப்பிட்டவரும் பார்த்தார். என் பலகை என் முன்னால் படுத்துக்கிடந்தது. அதன் மேல் கை வைத்திருந்தேன். நிமிர்த்த ஒரு விரல் போதும். உரம் வந்தால் எத்தனையோ பேர் வயலுக்குப் போகும், நானாக முடிவு செய்ய யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் சுத்தியல் தட்டிவிட்டது.

அந்த அறைக்குப் போகாமலே இருந்திருந்தால் நான் அங்கே இல்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். உன்னைக் காக்க வைத்து, ஜைலோசியைக் கோழி தின்ன அனுப்பி, வாரக்கணக்கில் காவல் இருந்தேன். கடைசியில் இருந்துகொண்டே சம்மதித்தேன். என்னை நானே மதிக்க முடியவில்லை.

தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பக்குவமாக நடந்துகொண்டேனாம்.

கூட்டம் முடிந்து இவ்வளவு நாளாகியும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்பாய். கட்டடம் விடுமுறைக்காகப் பூட்டிக்கிடக்கிறது, என்னைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. உன் கடிதம் வரும்வரை என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். வந்த பிறகு இன்னும் மோசம். நீ நின்ற அதே வாரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உனக்காகப் பேச வேண்டியவன் நான். ஒரு சொல்லுக்காக இங்கே அனுப்பப்பட்டவன், அந்த ஒரு சொல் வரவில்லை. எந்த முகத்தோடு வந்து உன் பாயில் உட்காருவேன்? வைசனின் மாமா ஒரு கேள்வி கேட்டால் இடறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேறு யாரையாவது வைத்துக்கொள்ள முடியுமா, கேட்டுச் சொல்.

லிம்பிகானி

---

சிம்வாலா
6 செப்டம்பர் 2005

அண்ணா,

படித்ததும் அடுப்பில் போடப் போனேன். கோபம் இன்னும் இருக்கிறது. உன் மேலா, உனக்குத் தாள் அனுப்பியவர்கள் மேலா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மொத்தமாக உனக்கே வைத்திருக்கிறேன்.

எண்ணெய் போகாது என்று சங்கத்தில் சொன்னேன். ஒருத்தி, "போகலைன்னா என்ன, நாமளே தலைக்குத் தேச்சிக்கலாம்" என்றாள். சிரித்தோம். கடலையை லாரிக்காரனிடம்தான் போடப்போகிறோம், அவன் சொல்லும் விலைக்கு. வேறு வழி என்ன இருக்கிறது?

வேறு யாரும் கிடையாது. மாமா போய்விட்டார், ஜைலோசியின் லட்சணம் தெரியும். வயலைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். தியாமிகேயைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பக்கத்து ஊரில் தான் சேர்த்துக்கொண்டிருக்கும் புது மனைவிக்குத் துணையாக அனுப்பப்போவதாக வைசன் சொல்லிக்கொண்டு திரிகிறான். எனக்கு நாள் இல்லை.

தலைவர் சொன்னதை நான் மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தேன். அண்ணன் பேச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அண்ணன் வந்து உட்கார வேண்டும் என்றுதான் சொன்னார். பாய் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்வேன்.

அதனால் மழைக்கு முன்னால் வந்து சேர். முகம் தேவையில்லை, தலையைக் குனிந்தே உட்காரு. யார் எது கேட்டாலும் வாயைத் திறக்காதே. அது உனக்கு நன்றாக வரும்.

எலூபி